பல்லாவரத்தில் யாரை ஏற்றுவது

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பயம் வந்தால் கோபம் வந்துவிடும். அரசுத் தேர்வுக்குப் படித்த அந்த ஒன்றரை வருடத்தில் என் கணவர் என்னிடம் பேசியதைவிட டிவியிடம் பேசியதுதான் அதிகம். சோறு குழைந்தாலும் அவர்மேல் எரிந்து விழுவேன், குழையாவிட்டாலும் எரிந்து விழுவேன். பயம்தான், வேறொன்றுமில்லை. நான் ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள். டிகிரி முடித்தவர்களுக்கு வயது ஒரு பொருட்டில்லை, எனக்கு உண்டு. அந்தத் தேர்வை விட்டால் அடுத்த அறிவிப்பு வருவதற்குள் எனக்கு வயது தாண்டிவிடும். அதோடு கதை முடிந்தது.

கோடம்பாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிப்போர்ட் தட்டச்சு செய்வது என் வேலை. இரும்புலியூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடந்து, காலை ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறுவேன். தாம்பரத்தில் ரயில் காலியாகக் கிளம்பும் என்பதால் ஜன்னலோரம் கிடைக்கும். பக்கத்து இடத்தில் என் பையை வைத்துக்கொள்வேன். பல்லாவரத்தில் என் ரயில் சிநேகிதி ஏறி அங்கே உட்காருவாள். அவள் என்னைவிட எட்டு வயது சின்னவள். டிகிரி முடித்துவிட்டு சைதாப்பேட்டையில் ஒரு செராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். அவளுடைய அத்தா பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்ஸி, மின்விசிறிகளைப் பழுதுபார்த்து விற்பவர். ரயிலில் என் கையிலிருந்த பொது அறிவுப் புத்தகத்தைப் பார்த்து, "நீங்களும் எழுதுறீங்களாக்கா?" என்று கேட்டதில் தொடங்கிய பழக்கம்.

கணக்கும் தமிழும் எனக்குப் பிரச்சினையில்லை. வரலாறுதான் என்னை அழ வைத்தது. எந்த யாத்ரீகர் எந்த அரசர் காலத்தில் வந்தார், யாருக்குப் பிறகு யார், எந்தத் தலைவர் எந்த ஊரில் என்ன செய்தார். படிக்கும்போது தெரியும், புத்தகத்தை மூடினால் எல்லாரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். ஒருநாள் கடுப்பில், "இவனுங்க எல்லாரையும் இந்த ரயில்லயே ஏத்திவிட்டா என்ன?" என்றேன். அவள் சிரித்தாள். ஆனால் அன்றைக்கே, காலவரிசைப்படி ஸ்டேஷனுக்கு ஒருவராக, மனசுக்குள் ஏற்ற ஆரம்பித்துவிட்டோம்.

பாடலிபுத்திரத்துக்குத் தூதராக வந்த கிரேக்கர் தாம்பரத்தில் ஏறினார். குப்தர் காலத்துச் சீனத் துறவிக்குச் சானடோரியம். காஞ்சிபுரம்வரை வந்த இன்னொரு சீனத் துறவி குரோம்பேட்டையில், ஓலைச்சுவடி மூட்டையோடு. பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பைப் பார்த்து எழுதிய வெனிஸ்காரர் பல்லாவரத்தில். டெல்லியில் நீதிபதியாக இருந்த மொராக்கோக்காரர் திரிசூலத்தில். மீனம்பாக்கத்தில் ரஷ்ய வணிகர் குதிரையோடு ஏறுவார், குதிரைக்கு இடம் விட வேண்டும். கள்ளிக்கோட்டைக்குக் கப்பலில் வந்த போர்ச்சுகீசியர் பழவந்தாங்கல். அதற்கடுத்துப் பரங்கிமலை. அங்கே யாரையும் நாங்கள் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. இந்தியாவையே சங்கிலி போட்டு அளக்கக் கிளம்பிய வெள்ளைக்கார அதிகாரி உண்மையிலேயே அந்த மலையடியிலிருந்துதான் தொடங்கினாராம். கிண்டியிலிருந்து சுதந்திரப் போராட்டத் தலைவர்கள். உப்புக்காக வேதாரண்யம்வரை நடந்தவர் கூட்டத்தோடு மாம்பலத்தில் ஏறுவார். மாம்பலத்தில் எப்போதுமே கூட்டம்தானே.

இதில் அவள் ஒரே ஓர் இடத்தில் மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள்.

"பல்லாவரத்துல நான் எவனையும் ஏத்த மாட்டேன்க்கா. அது எங்க வூடு கீற இடம். அங்க நான்தான் ஏறுவேன்."

"அப்ப வெனிஸ்காரர எங்க வைப்ப? வரிசை போயிடும்டி."

"குரோம்பேட்டையில ரெண்டு பேரா ஏறட்டும். சீன ஆளு பக்கத்துல குந்திகினு வரட்டும், இன்னா இப்போ?"

எனக்கு எரிச்சல். ஒரு ஸ்டேஷனுக்கு ஓர் ஆள் என்பதுதானே முறை. "நீ உன் இஷ்டப்படி படி, மார்க் போகும்போது என்கிட்ட வந்து அழாத" என்றேன். என் வரிசையில் வெனிஸ்காரர் பல்லாவரத்திலேயே இருந்தார். ரயில் அங்கே நின்றதும் அவள் ஏறுவதற்கு முன்னால் முத்துப்பையோடு அவர் ஏறிவிடுவார். மாதக்கணக்கில் இப்படிச் சொல்லிச் சொல்லி, அந்த ஊர்ப் பெயரை எங்கே பார்த்தாலும் அவர் முகம்தான் முதலில் வந்து நிற்கும் என்றாகிவிட்டது. மனப்பாடம் ஏறிவிட்டதே என்று எனக்குப் பெருமைதான்.

தேர்வன்று அவளுக்குக் கீழ்க்கட்டளையில் சென்டர், எனக்குக் குன்றத்தூரில், மலைக்கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடம். ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்று ஹால் டிக்கெட்டில் போட்டிருந்தது. நான் ஆறரைக்கே கணவரை வண்டியை எடுக்க வைத்துவிட்டேன். வழியெல்லாம், "இன்னும் கொஞ்சம் வேகமா போனா என்ன?" என்று அவர் முதுகைக் குத்திக்கொண்டே வந்தேன். போய்ச் சேர்ந்தபோது கேட்டையே திறந்திருக்கவில்லை. முருகனைக் கும்பிட மலைக்குப் போகிறவர்கள் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள். அவர் டீ வாங்கி வந்து நீட்டினார். டீ இறங்கவில்லை. அதற்கும் அவரைத்தான் திட்டினேன்.

இந்தத் தேர்வில் ஒரு விதி உண்டு, எழுதியவர்களுக்குத் தெரியும். எந்தக் கேள்வியையும் சும்மா விடக்கூடாது. விடை தெரியாவிட்டால், தெரியவில்லை என்பதற்கென்று ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கும், அதைக் கறுப்பாக்க வேண்டும். கடைசியில், முதல் வட்டத்தை எத்தனை கேள்விக்குப் போட்டோம், இரண்டாவதை எத்தனைக்கு என்று எண்ணி எழுத வேண்டும். மொத்தம் இருநூறு வர வேண்டும். அதற்கென்றே கடைசியில் கொஞ்ச நேரம் தனியாகத் தருவார்கள்.

நான் எண்ணினேன். நூற்றுத் தொண்ணூற்றொன்பது வந்தது.

மறுபடி எண்ணினேன். அதேதான். பேனா நுனியால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவர் எண்ணி முடித்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை அறையலாம் போலிருந்தது. மேற்பார்வையாளர் அம்மா, "சீக்கிரம், சீக்கிரம்" என்றார். கடைசியில் அகப்பட்டது. ஒரு கேள்வியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவி கண்டெடுக்கப்பட்ட இடம் எது? அத்திரம்பாக்கம், பல்லாவரம், ஆதிச்சநல்லூர், கீழடி.

எனக்கு இது தெரியும். புத்தகத்தில் பச்சை மையால் கோடு போட்டுப் படித்திருந்தேன். ஒரு வெள்ளைக்கார மண்ணியல் ஆய்வாளர் சரளை மண்ணிலிருந்து கைக்கோடரியை எடுத்த ஊர். ஆனால் அந்த நிமிடத்தில் பல்லாவரம் என்ற எழுத்தைப் பார்த்ததும் ரயில் நின்றது, முத்துப்பையோடு வெனிஸ்காரர் ஏறினார். இது அவருடைய ஊர், இங்கே ஏது கல் என்று மனசு சொன்னது. மணி அடிக்க ஒரு நிமிடம்கூட இல்லை. அத்திரம்பாக்கத்துக்கு நேரான வட்டத்தைக் கறுப்பாக்கினேன். இருநூறு வந்துவிட்டது. அப்பாடா என்றுகூட நினைத்தேன், பாவி.

கேட்டுக்கு வெளியே வந்து வண்டியில் ஏறிய பிறகுதான் உறைத்தது. பல்லாவரம் தாண்டும்போது, "நிறுத்துங்க" என்று கத்தினேன். அவர் பதறி ஓரங்கட்டினார். ஒன்றுமில்லை, போங்கள் என்றேன். வீடு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அதைப் பார்த்து அவர்தான் பயந்துவிட்டார்.

சில நாட்கள் கழித்து விடைக்குறிப்பு வெளியானது. ரயிலில் அவள் போனைப் பிடித்துக்கொள்ள, நான் வினாத்தாளை மடியில் விரித்துச் சரிபார்த்தேன். அந்தக் கேள்வி வந்ததும், "இது தப்பு" என்றேன். குரல் உடைந்துவிட்டது. பெண்கள் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"அட, நானும் அத்திரம்பாக்கம்தான்க்கா போட்டேன்" என்றாள் அவள். "அந்தக் கேள்வியே பேஜாரு. எல்லாரும் தப்பாத்தான் போட்டுருப்பாங்க, வுடுங்க."

முடிவு வரும்வரை என்னைத் தூங்கவிட்டது அந்த ஒரு வார்த்தைதான். பல்லாவரத்திலேயே பிறந்து வளர்ந்த டிகிரிக்காரிக்கே தப்பென்றால் நான் எந்த மூலைக்கு என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் லேபில் கை பாட்டுக்குத் தட்டச்சு செய்யும், மனசு போனில் இருக்கும். முடிவு வந்துவிட்டதாக வாரம் ஒரு புரளி. ஒருமுறை ஒருவருடைய சர்க்கரை அளவை இன்னொருவர் ரிப்போர்ட்டில் தட்டிவிட்டு, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முடிவு வந்தது. அவளைச் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. என் பிரிவில் கடைசியாகக் கூப்பிட்டவரைவிட எனக்கு மூன்று மதிப்பெண் குறைவு. கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், அதாவது இரண்டு கேள்வி. அந்தக் கல் கேள்வியைச் சரியாகப் போட்டிருந்தாலும் எனக்கு வேலை கிடைத்திருக்காது. நன்றாகவே தெரியும். ஆனால் தப்பாகப் போட்ட மற்றக் கேள்விகளில் ஒன்றுகூட எனக்கு இன்று நினைவில்லை.

சான்றிதழ்களை வரிசையாக அடுக்கித் தரச் சொல்லி அவள் என்னைக் கடைக்குக் கூப்பிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே எரிந்தது. இருந்தாலும் போனேன். அவள் எனக்காக டீ சொல்லப் போன நேரத்தில் ஃபைலைப் பிரித்தேன். அவளுடைய வினாத்தாள் உள்ளே இருந்தது. விடையெல்லாம் பென்சிலால் டிக் போட்டிருந்தாள். நான் நேரே அந்தப் பக்கத்துக்குத்தான் போனேன். டிக் பல்லாவரத்தின் மேல் இருந்தது.

டீயோடு வந்தவள் என் கையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஏன்டி பொய் சொன்ன?"

"அன்னிக்கி உங்க மூஞ்சி பாக்க முடியலக்கா."

"ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது, கல்லு?"

"அது எங்க ஊருக்கா. அங்க வேற எவனும் இல்லியே எனக்கு" என்றாள். பிறகு மெதுவாக, "உண்மைய சொல்லிகீந்தா நீங்க என்கூட பேசியிருக்க மாட்டீங்க" என்றாள்.

உண்மைதான். பேசியிருக்க மாட்டேன். ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு, பத்தாம் வகுப்புச் சான்றிதழை மேலே வைத்து அடுக்க ஆரம்பித்தேன். அவள் செராக்ஸ் மெஷின் பக்கம் திரும்பி நின்று அழுதாள். நான் அழவில்லை, ஒரு சான்றிதழுக்கு இரண்டு நகல் எடுக்கச் சொல்லி அவளை அதட்டினேன்.

அவளுக்குக் காஞ்சிபுரத்தில் போஸ்டிங். திங்கட்கிழமை சேர்ந்தாள். அன்று காலை எனக்கு வழக்கமான ரயில், வழக்கமான ஜன்னல். குரோம்பேட்டையில் சீனத் துறவி மூட்டையோடு ஏறினார். எங்கிருந்து வந்து தொலைகிறார்களோ, இன்னும் இறங்கின பாடில்லை. பல்லாவரத்தில் ஏறிய ஓர் அம்மா என் பையைக் காட்டி, "ஆள் வராங்களா?" என்று கேட்டார்.

"வராங்க" என்றேன்.

அவர் நின்றுகொண்டே வந்தார். ரயில் திரிசூலம் தாண்டிய பிறகுதான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.