மிரோவுக்காக நான் கேட்டது

1973 மாசி மாதத்தில் மிரோவின் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அந்தக் கால் நிலைக்க வேண்டும் என்று முருகனிடம் கேட்டவள் நான். வெள்ளியில் கால் செய்து பழனிக்குச் செலுத்துவதாக வேண்டி, மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தின் முன்னால் வைத்திருந்தேன். கேட்டது கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு கிடைத்ததைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

மிரோ செக் நாட்டுக்காரர். மொன்ட்ரியாலின் கார்ட்டியர்வில் பகுதியில் எங்களுக்கு மேல்வீட்டில் இருந்தார். கூடைப்பந்துதான் அவர் பிழைப்பு. சொந்த ஊரில் ஒரு தொழிற்சாலை அணியில் ஆடத் தொடங்கியவர். 1968இல் அணியோடு பெல்ஜியத்துக்குப் போயிருந்தபோது ஊருக்குள் ரஷ்ய டாங்கிகள் வந்துவிட்டன. அவர் திரும்பிப் போகவில்லை. மனைவி ஹானா பின்னால் வந்து சேர்ந்தாள். பெல்ஜியத்தில் சம்பளத்துக்கு ஆடினார், பிறகு இத்தாலியில் ஆடினார். 'ஊர் மாறும், கூடையின் உயரம் மாறாது, அதனால் எனக்கு எல்லா ஊரும் ஒன்று' என்பார். 1971இல் மொன்ட்ரியால் அணி ஒன்று கூப்பிட்டது. எங்கள் தெரு மூலை மளிகைக் கடைக்காரர், "அந்த மனுஷன் பால் வாங்க வந்தா பல்பு மாத்திக் குடுத்துட்டுத்தான் போகணும், எனக்கு ஏணியே வேண்டாம்" என்பார். அப்படி ஒரு உயரம்.

ஹானாவை நான் எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் துணி துவைக்கும் அறையில் சந்தித்தேன். அவளுக்கும் அரைகுறை ஆங்கிலம், எனக்கும் அரைகுறை. அதனால் நன்றாகப் பேசிக்கொண்டோம். எங்கள் வீட்டில் பெண்கள் கூடி முருகன் பாட்டுப் பாடும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் என்னை அக்கா என்பதைக் கேட்டு அவளும் அக்கா என்றாள். மிரோவும் அப்படியே.

முட்டி வலி என்று முதலில் சொன்னார். துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு பனிக்காலம் முழுக்க ஆடினார். எலும்பில் புற்று என்று தெரிந்தபோது நாள் கடந்திருந்தது. ஹானா மலைமேல் இருக்கும் தேவாலயத்துக்குப் போய் முழங்காலாலேயே படியேறினாள். நான் கீழே என் வீட்டில் விரதம் இருந்தேன். இரண்டு பேர் கேட்டும் கால் போய்விட்டது.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. விளக்கு ஏற்றுவதை நிறுத்திவிட்டேன். செவ்வாய்க்கிழமைக் கூட்டம் வேறு வீட்டுக்குப் போயிற்று. என் வீட்டுக்காரர், "உனக்கும் முருகனுக்கும் நடக்கிற சண்டைல நான் நடுவுல வரலப்பா" என்று சொல்லிவிட்டு, தானாக எழுந்து காபி போட்டுக்கொண்டு ஆபீஸ் போவார்.

மேல்வீட்டில் நிலைமை அதைவிட மோசம். மிரோ சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. செயற்கைக் கால் வந்தது. நடக்கப் பழகினார், ஆனால் குளியலறைக்கு மேல் போகமாட்டார். பழைய நண்பர்கள் வந்தால் கதவைத் திறக்கக் கூடாது. ஒருநாள் போனபோது பால்கனிக் கதவின் கைப்பிடியைத் துணிக்கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. என்ன ஹானா இது என்றேன். "நான் வேலைக்குப் போகணும் அக்கா. அவர் தனியா இருக்கார்" என்றாள்.  

கீழே வந்து, விளக்கில்லாத படத்தின் முன்னால் நின்றேன். காலை எடுத்துக்கொண்டாய், ஆளையாவது கொடு என்றேன். வேண்டுதல் எதுவும் வைக்கவில்லை. அழுகை மட்டும்தான்.

மறுநாள் ரசம் கொண்டுபோனேன். மிரோ சுவரைப் பார்த்தபடியே இருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, மனதில் இருந்ததைச் சொன்னேன்.

"உங்களால எங்க சாமிகிட்ட எனக்குப் பேச்சுவார்த்தை இல்ல. விளக்குகூட ஏத்தறதில்ல."

 மிரோ திரும்பினார்.

"என்னால உங்க கடவுள் இருட்டுல உட்கார்ந்திருக்காரா?"

"ஆமா."

"அது சரியில்ல அக்கா. என் கால் போனதுக்கு அவர் என்ன பண்ணுவார்? ஏத்துங்க. ஏத்தினா நான் வந்து பார்க்கிறேன்."

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை மறுபடி எங்கள் வீட்டுக்கே கூப்பிட்டேன். சுண்டல் செய்தேன். வருவாரா என்று நிச்சயம் இல்லை. பாட்டு ஆரம்பிக்கிற நேரம், வாசலில் ஹானாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என் வீட்டுக்காரர் கற்பூரம் ஏற்றக் குனிந்திருந்தார். யார் வந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான். ஹானாவின் குரலை மட்டும் கேட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்: "வாங்க வாங்க, ஷூவெல்லாம் வெளியிலயே கழட்டிடுங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. மிரோ குனிந்து தன் கால்களைப் பார்த்தார். தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வலது ஷூவைக் கழற்றினார். பிறகு பேண்டுக்குள் கைவிட்டு வாரை அவிழ்த்து, ஷூவோடு சேர்த்து இடது காலை அப்படியே உருவி எடுத்தார். எங்கள் பெண்களின் செருப்பு வரிசையில் அதை நேராக நிறுத்தி வைத்தார்.

பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கற்பூரத் தட்டோடு திரும்பினவர், "ஐயையோ, மிரோ, நான் பாக்கலய்யா, மன்னிச்சிருங்க" என்று தடுமாறினார்.

"ரூல் ரூல்தான். எத்தனை காலு வச்சிருக்கேன்னு ரெஃபரி கேக்கமாட்டார்" என்றார் மிரோ.

சொல்லிவிட்டு அந்த வரிசையைப் பார்த்தார். சின்னச் சின்னச் செருப்புகளுக்கு நடுவில் தூண் மாதிரி நின்ற தன் காலைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நாற்காலி ஆட ஆடச் சிரித்தார். ஹானா அவர் தலையைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். காலை எடுத்த பிறகு அவர் சிரித்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான். அப்புறம் அவரும் அழுதார். எங்கள் கூட்டத்தில் அன்று கண் துடைக்காதவர் இல்லை. நான் படத்தைப் பார்த்தேன். ஆளைக் கொடு என்று கேட்டேன், ஆள் என் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு பால்கனிக் கயிறு அவிழ்ந்தது. நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கப் போனார். வெள்ளிக்காலைப் பழனிக்குச் செலுத்த ஊரில் இருக்கும் என் அண்ணனிடம் சொல்லி ஏற்பாடு செய்தேன். "கேட்டது கிடைக்கலையே, எதுக்கு?" என்று அண்ணன் கேட்டார். கேட்டதைவிடப் பெரியது கிடைத்தது என்றேன்.

1977இல் நோய் நெஞ்சுக்கு வந்தது. இந்த முறை எதைக் கேட்பது என்று எனக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவரிடமே கேட்டேன்.

"ஒண்ணும் கேக்க வேண்டாம் அக்கா. நன்றி சொல்லிடுங்க. ஆட்டம் முடிஞ்சா ஜெயிச்சாலும் தோத்தாலும் கை குலுக்கிட்டுத்தானே போகணும்."

அந்த வாரமே போய்விட்டார். ஹானா இப்போதும் செவ்வாய்க்கிழமை வருகிறாள். எங்கள் பாட்டின் சொல் அவளுக்குத் தெரியாது, தாளம் போடுவாள். சில நாள் நடுவில் அழுகை வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொள்வோம்.

அன்பானவர்களே, கேட்ட ஒன்றைக் கொடுக்கவில்லை என்று முருகனோடு பேசாமல் இருப்பவர்கள் உங்களில் இருக்கலாம். அப்படியே அவன் முன்னால் வாருங்கள். கோபம் ஆறட்டும் என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். நான் ஆறாமல்தான் கேட்டேன், அவன் கொடுத்தான்.