தாய்மாமன் காணாமல்போன விளையாட்டு

என் தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளையை அப்பா வேண்டாம் என்று சொல்லக் காரணம் ஒரு கயிறு. கணினித் திரையில் ஒருவன் ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்து, ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

அது 2006. ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்தும் முடிந்திருந்தது. தங்கையும் மாப்பிள்ளையும் கைபேசியில் பேசத் தொடங்கியிருந்தார்கள். அவள் கணினி படித்தவள். அதற்கு முன் வந்தவர்கள் சமைக்கத் தெரியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இவர் அவளுடைய கணினி அடிக்கடி சூடாகிறதா என்று கேட்டாராம். தங்கை அன்றே முடிவு செய்துவிட்டாள். அப்பா போய் மாப்பிள்ளையின் தொழிலைப் பார்த்துவிட்டு வந்தால் உறுதி செய்துவிடலாம் என்ற நிலை.

மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் தேவதானப்பட்டி. தேனி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். நான் தேனியில் ஒரு நாளிதழின் செய்தியாளன் என்பதால் அப்பாவைக் கூட்டிப்போகும் பொறுப்பு என்னிடம் வந்தது. தோட்டத்தையும் ஆளையும் சொல்லாமல் போய்த்தான் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் கொள்கை. சொல்லாமல் போனோம்.

கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. மாப்பிள்ளை ஒரு பழைய விளையாட்டுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பத்து வருடங்களுக்கு முன்னால் அவருடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கணினியோடு ஒரு குறுந்தகடு வந்தது. அதில் இருந்த விளையாட்டு. சுடுவது, குதிப்பது, கார் ஓட்டுவது எதுவும் கிடையாது. கோட்டுப் போட்ட இளைஞன் ஒருவன் ஒரு தீவுக்கு வருகிறான். அங்கே காணாமல்போன தன் தாய்மாமனை ஒரே இரவுக்குள் கண்டுபிடிக்க வேண்டும். திரையில் ஓர் இடத்தைச் சுட்டி அழுத்தினால் அங்கே நடந்துபோவான். பொருளை அழுத்தினால் எடுத்துக்கொள்வான். எடுத்ததை இன்னொன்றின் மேல் வைத்து அழுத்தினால் ஏதாவது நடக்கும். பெரும்பாலும் எதுவும் நடக்காது. ஒரே கதவின் முன்னால் மாதக்கணக்கில் நிற்கலாம். அப்படி நிற்பதுதான் அந்த விளையாட்டின் சுகம் என்று மாப்பிள்ளை பிறகு என்னிடம் விளக்கினார்.

அந்தத் தகட்டைப் புதிய கணினியில் போட்டபோது வேகம் தாங்காமல் கதாநாயகன் கரப்பான்பூச்சி மாதிரி ஓடினான். தகட்டில் கீறல் வேறு. அதனால் மாப்பிள்ளை முழு விளையாட்டையும் முதலிலிருந்து திரும்பச் செய்துகொண்டிருந்தார். இந்த வகை விளையாட்டுகளை உருவாக்கவென்றே இணையத்தில் ஒரு மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. படங்களைத் தானே வரைந்தார். பேச்சைத் தமிழில் வைத்தார். மென்பொருளுக்குத் தமிழ் எழுத்து வராது என்பதால் ஒவ்வொரு வசனத்தையும் படமாக வரைந்து ஒட்டினார். இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, என்ன வேலை நடக்கிறது என்று விசாரித்தார். வேறு மாப்பிள்ளையாக இருந்தால் ஏதோ கம்பெனிக் கணக்கு என்று சொல்லியிருப்பார். இவர் விளையாட்டு என்றார். விளையாடியும் காட்டினார். கயிறு பைக்குள் போனது அப்போதுதான்.

"யாரக் கேட்டு எடுத்தான்?" என்றார் அப்பா.

"யாரையும் கேக்க வேணாம் மாமா. இதுல கண்ணுல படுறதையெல்லாம் எடுத்துக்கிட்டே போகணும். பெறகு எதுக்காச்சும் ஆகும்."

"வீட்டுக்காரக எங்க?"

"அவுக இல்லாதப்பத்தான் எடுக்க முடியும்."

அப்பா எழுந்தார். டீ வேண்டாம் என்றார். எங்கள் ஊர் அனுமந்தன்பட்டிக்குப் பேருந்து ஏறினோம். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "அந்தப் பய இங்கன வந்தா குத்துவெளக்கத் தூக்கிக் கோட்டுப் பைல போட்டுக்கிட்டுப் போயிருவான்" என்றார். மாப்பிள்ளையிடம் கோட்டே கிடையாது என்று நான் சொன்னது எடுபடவில்லை.

அப்பாவின் பக்கமும் நியாயம் இருந்தது. அவருக்குத் திராட்சைத் தோட்டம். மருந்தடிக்கும் மிஷினைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்காமல் தூக்கிப்போய், உடைத்து, சத்தமில்லாமல் திரும்ப வைத்த வருடம் கொடிகளில் நோய் விழுந்தது. கேட்காமல் எடுக்கிறவன் விஷயத்தில் அவரிடம் சமரசம் கிடையாது. இனி கைபேசியில் பேசக்கூடாது என்று தங்கைக்கு உத்தரவு வந்தது.

தங்கை அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவன் கேட்டு எடுத்தா ஒங்களுக்குச் சம்மதமாப்பா?"

கேட்டு எடுக்கட்டும், பார்ப்போம் என்றார் அப்பா. கணினி விளையாட்டும் சினிமா மாதிரி, எடுத்தது எடுத்ததுதான் என்று அவர் நினைத்திருந்தார். அது மாற்றக்கூடியது என்பது தங்கைக்குத் தெரியும்.

அந்த வாரக் கடைசியில், மாப்பிள்ளை மாற்றிக் கொடுத்த முதல் தகட்டை நான் கொண்டுவந்தேன். தங்கை அதைத் தன் கணினியில் போட்டாள். அப்பா தோட்டத்திலிருந்து வந்து, கால் கழுவி, அவளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். இப்போது அந்த வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். கதாநாயகன் கயிறு கேட்டான். அவர் கொடுத்தார்.

அப்பா திருப்தி அடையவில்லை. அவன் செருப்போடு வீட்டுக்குள் போகிறான். யாரும் அவனை வாங்க என்று சொல்லவில்லை. போன உடனே கயிறு கேட்கிறான். ஒரு பொருளைக் கேட்கப் போகிறவன் முதலில் மழை உண்டா, மாடு கன்று நன்றாக இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டாமா?

இவற்றை மாப்பிள்ளையிடம் சேர்த்தேன். எதிர்த்தரப்பின் கருத்தையும் கேட்டு எழுதுவது எனக்குப் பழகிய வேலைதான். குறுந்தகடு சுமப்பது மட்டும் புதிது.

இரண்டாவது தகட்டில் கதாநாயகன் எல்லா வீட்டு வாசலிலும் சப்பாத்தைக் கழற்றினான். ஆனால் வெளியே வரும்போது மாட்டிக்கொள்ள மாப்பிள்ளை ஏற்பாடு செய்யவில்லை. அடுத்த வீட்டு வாசலில் அவன் காலில் எங்கிருந்தோ இன்னொரு ஜோடி முளைத்தது. நள்ளிரவில் அந்தத் தீவின் எல்லா வாசல்களிலும் ஒரே மாதிரியான சப்பாத்துகள் கிடந்தன. உள்ளே வீட்டுக்காரர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள். காபி கொடுத்தார்கள். காபியைக் குடிக்காமல் எதையும் கேட்க முடியாது. அப்பா முதல் தடவையாகத் தலையாட்டினார்.

பிறகு, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தானா என்றார்.

இங்கே சிக்கல் பெரிதானது. பாதி விளையாட்டில் அந்தக் கயிற்றை இரண்டாக அறுத்துக் கட்டினால்தான் ஒரு படகைக் கரைக்கு இழுக்க முடியும். அறுத்த கயிற்றை எப்படித் திருப்பிக் கொடுப்பது? மாப்பிள்ளை தீவில் ஒரு மளிகைக் கடை திறந்தார். கதாநாயகன் அங்கே புதுக் கயிறு வாங்கி, பெரியவர் வீட்டுக்குப் போய், சப்பாத்தைக் கழற்றி, இன்னொரு காபி குடித்து, கயிற்றை ஒப்படைத்தான். தாய்மாமனைத் தேட நேரமே கிடைக்கவில்லை.

அந்தத் தகட்டில் வேறொன்றும் இருந்தது. தங்கை கிணற்றை அழுத்தியபோது கதாநாயகன், "ஒரு தடவையாச்சும் போன் எடு" என்றான். கிணற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தங்கை சட்டென்று அடுத்த திரைக்குப் போய்விட்டாள். கிணற்றுக்குள் யார் இருக்கிறார்கள் என்று அப்பா கேட்டார். தவளை என்றாள்.

பங்குனி பிறந்தபோது கம்பத்திலிருந்து வேறொரு வரன் வந்தது. ஏலக்காய் வியாபாரக் குடும்பம். மாதம் முடிவதற்குள் பதில் கேட்டார்கள். அப்பா தங்கையிடம், இந்த விளையாட்டு ஒழுங்காக முடிந்தால் தேனிக்காரரைப் பற்றிப் பேசலாம், முடியாவிட்டால் கம்பத்துக்குச் சரி என்று சொல்லிவிடுவேன் என்றார். தங்கை ஒப்புக்கொண்டாள். முடிவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்பது அவள் கணக்கு. தாய்மாமன் கலங்கரை விளக்கத்தில் பூட்டிய அறைக்குள் இருக்கிறார். தையல்காரி ஒருத்தியின் வீட்டில் ஊசி வாங்கிப் பூட்டைத் திறந்தால் ஆட்டம் முடிந்தது.

கதாநாயகன் தையல்காரி வீட்டில் காபி குடித்துவிட்டு ஊசி கேட்டான். அப்போது எங்களுக்குக் காபி கொண்டுவந்த அம்மா திரையைப் பார்த்தார்.

"வெளக்கு வச்ச பெறகு ஊசி குடுப்பாகளா?"

எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு உப்பும் ஊசியும் தயிரும் வெளியே போகாது. திரையில் தையல்காரியின் தலைக்கு மேலேயே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை அதை அழகாக வரைந்திருந்தார்.

பகலாக மாற்றச் சொல்லலாமா என்று கேட்டேன். ஒரே ராத்திரி என்று சொல்லிவிட்டுப் பகலாக்கினால் ஏமாற்று என்றார் அப்பா. மாப்பிள்ளையும் முடியாது என்றார். மொத்தத் தீவையும் இருட்டில் வரைந்திருக்கிறார். பகலாக்க இன்னொரு வருடம் வேண்டும்.

தங்கை இரண்டு நாள் யோசித்துவிட்டு அப்பாவிடம் வந்தாள். "ஊசியத்தானப்பா வெளிய குடுக்கக் கூடாது. ஊசிக்காரியே அத எடுத்துக்கிட்டு அவனோட போகட்டும். வேல முடிஞ்சதும் அவளே வீட்டுக்குக் கொண்டாந்துருவா."

அம்மா ஏற்றுக்கொண்டார். அப்பாவுக்கு இன்னொரு சந்தேகம்.

"கலியாணம் ஆகாத பிள்ள ராத்திரில ஒருத்தனோட எப்படிப் போவா?"

"அப்பக் கட்டிக்கிறட்டும்."

"தாய்மாமன் இல்லாமயா?"

நிலவரம் இப்படி நின்றது. தாய்மாமனைக் கண்டுபிடிக்க ஊசி வேண்டும். ஊசி வர வேண்டுமானால் கல்யாணம் நடக்க வேண்டும். கல்யாணம் நடக்கத் தாய்மாமன் வேண்டும். நான் இதைத் தேனிக்குப் போய்ச் சொன்னேன். மாப்பிள்ளை விசைப்பலகையைத் தள்ளி வைத்தார். பிறகு, "மச்சான், இதச் செஞ்ச வெள்ளக்காரன் எனக்குத் தெரிஞ்சவன்னா இப்பவே போன் போட்டு மன்னிப்புக் கேட்டுருவேன்" என்றார். கம்பத்து மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்றும் கேட்டார். அவர் அப்படிக் கேட்டதைத் தங்கையிடம் நான் சொல்லவில்லை.

நாங்கள் யாரும் எதிர்பார்க்காத விதத்தில் அப்பாவும் மாட்டிக்கொண்டிருந்தார். முடிச்சைப் போட்டவர் அவர்தான், ஆனால் அது அவிழாமல் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் வந்ததும் தங்கையை உட்காரவைத்து, அங்கே போ, அந்த வீட்டைக் கேள், அந்தக் கதவைத் தட்டு என்றார். கதாநாயகன் தீவு முழுக்கக் காபி குடித்தான். எதுவும் நடக்கவில்லை. மாப்பிள்ளை சொன்ன சுகத்தை அப்பா அனுபவித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். முகத்தில் அது தெரியவில்லை.

தோட்டத்தில் கொடிகளை வெட்டிவிடும் கவாத்து நடந்துகொண்டிருந்தது. வேலைக்கு வந்தவர்களிடம் அப்பா, கல்யாணத்துக்கு நாள் நெருங்கும்போது தாய்மாமன் காணாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். விளையாட்டு என்று சொல்ல அவருக்குக் கூச்சம். கேட்டவர்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். மறுநாள் காலையில் இரண்டு உறவினர்கள் ஆறுதல் சொல்ல வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் தாய்மாமன் பண்ணைப்புரத்தில் இருக்கிறார். தான் காணாமல்போன செய்தி அவருக்குப் பத்து மணிக்குக் கிடைத்தது. மதியம் நேரில் வந்துவிட்டார்.

"நான் இருக்கேன் மச்சான்," என்று அப்பாவிடம் சொன்னார். "எவன் சொன்னான் காணாமப் போயிட்டேன்னு?"

அவரைச் சமாதானப்படுத்தி, சாப்பாடு போட்டு, கணினிக்கு முன்னால் உட்காரவைத்துத் தங்கை எல்லாவற்றையும் விளக்கினாள். காணாமல்போனவர் தான் இல்லை என்பது அவருக்கு நிம்மதி. ஆனால் அறைக்குள் கிடக்கும் அந்த மனிதர் மேல் அவருக்கு உடனே ஒட்டுதல் வந்துவிட்டது. எத்தனை நாளாக அடைத்துவைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னு வைங்க," என்றார் மாமா. "எம் மருமக கலியாணம் நின்னு போகுமா? அந்த மொறைல ஒருத்தர நிப்பாட்டி முடிச்சுட்டு, பெறகு என்னையத் தேடுங்க. நான் கோவிச்சுக்கிற மாட்டேன்."

உரிமை உள்ளவரே விட்டுக்கொடுத்துவிட்டார். அப்பா சரி என்றார்.

கடைசித் தகட்டை மாப்பிள்ளை தூங்காமல் செய்து முடித்தார் என்று அவருடைய கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. மளிகைக் கடைக்காரர் தாய்மாமன் இடத்தில் நின்றார். கோட்டுக்கு மேல் மாலை போட்டுக்கொண்டு கதாநாயகன் தையல்காரிக்குத் தாலி கட்டினான். எல்லோருக்கும் காபி வந்தது. தையல்காரி தன் ஊசியை எடுத்துக்கொண்டு அவனோடு கலங்கரை விளக்கத்துக்கு நடந்தாள். பூட்டை அவளே திறந்தாள். உள்ளே இருந்த தாய்மாமன் வெளியே வந்து, கல்யாணத்துக்கு வர முடியாமல் போனதற்கு வருத்தம் தெரிவித்தார்.

அப்பா கல்யாணத் திரையை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார். தங்கை பழைய இடத்துக்குப் போய்க் காட்டினாள். அவர் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஏன் ஒம்போது பேருதான் வந்துருக்காக?"

"அதுக்கு மேல ஆளு வச்சா மிஷினு நின்னுருமாம்ப்பா."

அப்பா நாற்காலியில் சாய்ந்தார். "மாப்ளகிட்டச் சொல்லு ஆத்தா. நம்ம வீட்டுக் கலியாணத்துக்கு இந்தக் கூட்டம் பத்தாது."

திரையில் மணமக்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தங்கை அவர்களை அப்படியே விட்டுவிட்டு, கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.