அத்தானின் சமன்பாடும் அக்காவின் அரைமணி நேரமும்

பதினெட்டு வருடமாக ஆஸ்பத்திரியில் மூளை அலைகளைப் பதிவு செய்பவள் அவள். யார் தலையில் கம்பி ஒட்டும்போதும் பொறுமை இழந்ததில்லை, அக்காவும் அத்தானும் வந்த அன்றுவரை.

கணக்கு வாத்தியாரான அத்தான், உணர்வுக்கும் தெய்வ அனுபவத்துக்கும் சேர்த்து ஒரே சமன்பாடு கண்டுபிடித்திருந்தார். தினமும் அரைமணி நேரம் தியானம் செய்யும் அக்காவை நோட்டும் கையுமாக நச்சரித்தார். ஒருமுறை பதிவெடுத்தால் இனி தொந்தரவில்லை என்று அவர் சத்தியம் செய்த பிறகே அக்கா வந்தாள்.

தலையில் கம்பிகளோடு அக்கா கண்மூடிப் படுத்திருக்க, அத்தான் கட்டிலருகே நின்று பென்சிலைத் தட்டித் தட்டி எண்ணினார். திரையில் அலைகள் படபடத்தன.

"பார்த்தியா! அப்படியே என் சமன்பாடு! பேரானந்தம்!"

"அத்தான், இது தாடைத் தசை. அக்கா பல்லைக் கடிச்சிட்டிருக்கா. கொஞ்சம் வெளியே போங்க."

கதவைச் சாத்தியதும் அலைகள் அடங்கின. அக்காவின் மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்தது.

"என்னடி தெரிஞ்சுது?" என்றாள், கண் திறந்து.

"நீ அமைதியா இருந்தேன்னு தெரியுது. எதுக்கு அழுதேங்கறது இதுல இல்லக்கா."

"எனக்கே சொல்லத் தெரியலையே."

வெளியிலிருந்து குரல் வந்தது: "நாளைக்கும் ஒருதடவை எடுத்தா கணக்கு முடிஞ்சிடும்!"

திரை மறுபடி படபடத்தது. அவள் கதவைத் திறந்து கையை நீட்டினாள்.

"சத்தியம் சத்தியம்தான் அத்தான். பென்சிலைக் குடுங்க."