படமரத்தில் கசிந்த பிசின்

1967 மே 9, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு இருபது. கத்திரி வெயில், கொடியில் கிடந்த துண்டுகூட அசையவில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் என் மைத்துனன் வீட்டுத் தறியில் என் மகளின் கூறைப்புடவை முக்கால் பங்கு முடிந்திருந்தது. கல்யாணத்துக்கு ஒன்பது நாள்.

"மாமா, இன்னாவோ நாறுது பாரு. டர்பன்டைன் மாதிரி," என்றான் மைத்துனன்.

நாறியது. எதன் நாற்றம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

நெய்த துணியைச் சுற்றிக்கொள்ளும் உருளைதான் படமரம். பழைய தேக்குப் படமரம் மாசியில் விரிசல் விட்டது. வாலாஜாபாத் அரிசி மில்லுக்கு வெளிநாட்டு இயந்திரம் வந்த பெட்டியின் அடிக்கட்டையை ஒன்பது ரூபாய்க்கு நான்தான் வாங்கி, புதுப் படமரமாகக் கடைந்து கொண்டுவந்தேன். வெட்டுமுகத்தில் அங்குலத்துக்கு முப்பத்தெட்டு வளையம் எண்ணினேன்; வளையம் நெருங்கினால் மரம் உறுதி. பள்ளியில் பதினேழு வருஷமாகப் பூகோளம் நடத்தியவனுக்கு அது போதாதா?

"கட்டையில முடிச்சு கீது மாமா," என்றான் மைத்துனன் அன்றைக்கே.

"வடக்கே பனிக் காட்டுல மெதுவா வளர்ந்த ஊசியிலை மரம்பா. நம்ம மழைக்காடு மாதிரி நூறு ஜாதி மரம், கொடி, கோணல் எதுவும் கிடையாது. பத்து நாள் நடந்தாலும் ஒரே மரம், ஈட்டி மாதிரி நிக்கும்."

"நீ நடந்து பாத்தியா?"

"படிச்சிருக்கேன்."

"அப்ப சரி. படிச்சவரு சொன்னா கட்டையும் கேட்டுக்கும்."

இப்போது சுற்றைப் பிரித்தான். அடித்துணி கட்டையிலிருந்து தோல் உரிவதுபோல் பிய்ந்து வந்தது. முடிச்சிலிருந்து சளி போலப் பிசின் கசிந்திருந்தது. அதில் மூன்று எறும்புகள் ஒட்டிச் செத்திருந்தன. அரக்குப் பட்டில் ஒரு சுற்றுக்கு ஒரு கறையாக ஏழு கறைகள். முதலாவது எட்டணா அளவு, கடைசி கடுகளவு. தொட்ட விரல் அடுத்த விரலோடு ஒட்டியது.

சுத்தமான காடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அழுகல் இல்லை, நெரிசல் இல்லை என்று. நம் தேக்கு மழையிலும் வெயிலிலும் நின்று பழகியது. வேர்வை ஊருக்கு ஏற்ற மரம். அந்த வடக்கத்தி மரமோ பிசினை உள்ளே வைத்துக் குளிரில் இறுக்கிக்கொண்டிருந்தது. காஞ்சிபுரத்துக் கத்திரியில் கக்கிவிட்டது. பாடப்புத்தகத்தில் மரத்தின் உயரம் இருந்தது, இலையின் வடிவம் இருந்தது. இது இல்லை. இல்லாததை நானும் கேட்கவில்லை.

மைத்துனன் கறைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுத் தறியை விட்டு எழுந்தான். என் மனைவி வந்து பார்த்தாள்.

"கறை பட்ட புடவையைக் கட்டிக்கினு மணையில உக்காருவாளா என் பொண்ணு?"

மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். கறை அகலமானது. ஒன்பது நாளில் இன்னொன்று நெய்ய முடியாது. மகள் கடைப் புடவையில்தான் மணையேறினாள். தாய்மாமன் நெய்ததைக் கட்ட வேண்டும் என்று தறி பூட்டிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள், அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

எனக்கு இப்போது எண்பத்து மூன்று. டர்பன்டைன் வாசம் பட்டால் இன்றும் சோறு இறங்குவதில்லை.

கட்டை ஒன்பது, கடைசல் கூலி நாலேகால், புதுத் தேக்குப் படமரம் நாற்பத்தெட்டு, பாழான பட்டும் ஜரிகையும் நூற்றுத் தொண்ணூற்றைந்து, கடைப் புடவை முந்நூற்றுப் பத்து. ஆகமொத்தம் ஐந்நூற்று அறுபத்தாறு ரூபாய் இருபத்தைந்து காசு.