ஸ்கேன் அறையில் ஒரு கயிறு

என் கணவர் கடலட்டை பிடிக்கக் கடலுக்கடியில் சுழியோடி வந்தவர். கற்பிட்டிக் கடலின் அடியைப் பற்றிக் கேட்டால், எத்தாளையில் இருக்கிற எங்கள் வீட்டு முற்றத்தைச் சொல்வதுபோலச் சொல்வார். அப்படிப்பட்டவருக்குப் போன வருடம் இடுப்பிலிருந்து வலது கால் வரை விறைக்கத் தொடங்கியது. நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் எதையும் சொல்லலாம் என்றார் டொக்டர்.

சிலாபத்தில் ஒரு தனியார் நிலையத்துக்குப் போனோம். இயந்திரத்தை இயக்கியவர் மரியாதையான இளைஞர், தொழில் தெரிந்தவர். ஆனால் குழாய் போன்ற அந்த இயந்திரத்துக்குள் தலை போனதுமே இவர் கத்திக்கொண்டு எழும்பிவிட்டார்.

"ஒண்டும் நடக்காது. இது காந்தம்தான். உள்ளுக்குக் காத்து வரும், லைட் இருக்கு" என்று இளைஞர் பொறுமையாக விளக்கினார். எல்லாம் உண்மைதான். இவரும் ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு மறுபடி படுத்தார். மறுபடி எழும்பினார்.

"கடல்ல இறங்கிற ஆள் இதுக்குப் பயந்தா எப்பிடி?" என்று இளைஞர் சிரித்துக்கொண்டு கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் வீட்டுக்கு வந்தும் பல நாட்களாக இவர் யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

கால் மோசமாகிக்கொண்டே போனது. கெஞ்சிக் கூத்தாடி மறுபடி கூட்டிக்கொண்டு போனேன். இந்த முறை வேலையில் நின்றவர் ஒரு சிங்களப் பெண். போன தடவை ஏலாமல் போன விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. தானே வெளியில் வந்து, எங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல "நானா" என்று கூப்பிட்டுக் கேட்டார்.

"நானா, உள்ளுக்குப் போன நேரம் என்ன மாதிரி இருந்திச்சி?"

இவர் நிலத்தைப் பார்த்தபடியே சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். போட்காரர்களோடு பழகிய இவருடைய சிங்களம் தண்ணீர் மாதிரி ஓடும். என்னுடையது சந்தைச் சிங்களம். இருந்தாலும் விளங்கியது.

ஒரு நாள் கலங்கல் தண்ணீரில், யாரோ விட்டுப்போன வலைக்குள் இவர் சிக்கிக்கொண்டாராம். எந்தப் பக்கம் மேலே என்றே தெரியவில்லையாம். இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைத் திரும்பத் திரும்ப இழுத்தாராம். மேலே போட்டில் இருந்த கூட்டாளி அதை உணர்ந்து, இறங்கி வந்து வலையை வெட்டியிருக்கிறார்.

நாங்கள் கலியாணம் முடித்ததற்குப் பிறகு நடந்த விஷயம் இது. அன்றைக்கும் வீட்டுக்கு வந்து, சோறு தின்றுவிட்டுப் படுத்திருப்பார். எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்கிறாரே என்று மனது கொஞ்சம் நொந்தது. அதே நேரம், ஒரு மனிசி கேட்டாளே, அல்ஹம்துலில்லாஹ் என்றும் இருந்தது.

அந்தப் பெண் உடனே ஆறுதல் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்தார். "கயிறு ஒண்டு தந்தா ஏலுமா, நானா?" என்று கேட்டார்.

இவர் நிமிர்ந்து பார்த்தார்.

அந்தப் பெண் காயத்துக்குக் கட்டுகிற துணிச்சுருள் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு முனையை இவருடைய மணிக்கட்டில் கட்டி, மறுமுனையை என் கையில் தந்தார். உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது என்பதால் என் வளையல், தோடு, முந்தானையில் குத்தியிருந்த ஊசிகள் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். ஊசியில்லாமல் தலையை மூட ஒரு துணியும் தேடித் தந்தார். இரண்டு பேருக்கும் காது அடைப்பான் தந்தார்.

"சத்தம் நிக்கிற நேரம் மட்டும் விரலால மெதுவா இழுங்க. ஒரு தரம் இழுத்தா சுகம். ரெண்டு தரம் இழுத்தா இவங்க கையைத் தூக்குவாங்க, நான் உடனே வெளிய எடுப்பன்."

இவர் உள்ளே போனார். நான் கால்மாட்டில் இருந்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் முன்னால் ஒலிபெருக்கியில் அந்தப் பெண்ணுடைய குரல் வந்தது. "இப்ப வாறது போட் எஞ்சின் மாதிரி, நானா." "இது கொஞ்சம் நீளம்." ஒவ்வொரு முறை சத்தம் ஓயும்போதும் துணி ஒரு தரம் அசையும். நானும் மெல்ல இழுத்துப் பதில் சொல்வேன். நீளமான ஒரு சத்தத்துக்கு நடுவில் துணி விறைத்து நின்றது. என் வாய் தானாக நபி மீது ஸலவாத்து ஓதியது. சத்தம் ஓய்ந்தது. துணி தளர்ந்து, பிறகு ஒரு தரம் மட்டும் அசைந்தது.

முடிந்து வெளியில் வந்தபோது இவருடைய சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. முகம் மட்டும் தெளிவாக இருந்தது.

"இப்பிடிச் செய்யலாம் எண்டு எப்பிடி மிஸ் தெரியும்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதே. அதுதான் நானாக்கிட்ட கேட்டன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போய்விட்டார்.

முள்ளந்தண்டில் ஒரு வட்டு விலகி நரம்பை அமத்துகிறது என்று படத்தில் தெரிந்தது. வெட்டத் தேவைப்படவில்லை. மருந்தும் பயிற்சியுமாகக் கால் திரும்பி வந்தது. சுழியோடுவதை மட்டும் டொக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். இப்போது தன் தம்பியோடு கருவாட்டு வியாபாரம் செய்கிறார்.

ஸ்கேன் எடுத்த அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் இவராகவே கதையின் மிச்சத்தைச் சொன்னார். வலைக்குள் கிடந்தபோது என்னை நினைத்ததையும் சொன்னார். நான் இவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்டேன். பாலாவிச் சந்தியில் இறங்கிக் கற்பிட்டி பஸ் பிடிக்க வேண்டும் என்பதையே மறந்து, கொண்டக்டர் சத்தம் போட்ட பிறகுதான் இரண்டு பேரும் எழும்பினோம்.

அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவருக்காக துஆ கேட்கும்போது "சிலாபத்து மிஸ்" என்றுதான் சொல்கிறேன். அல்லாஹ்வுக்கு ஆளைத் தெரியும்.