பேச்சியம்மாள் பேருக்கு வந்த தந்தி

எழுமலையில் நான் தபால்காரனாக இருந்தபோது ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கெட்ட சேதித் தந்தியைப் பெண்கள் கையில் கொடுக்கக் கூடாது. வீட்டு ஆம்பளையிடம்தான் கொடுக்க வேண்டும். அவர் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு பக்குவமாகச் சொல்வார். பதினொரு வருஷம் அப்படியே செய்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

எண்பத்தேழில் ஒப்பந்தம் போட்டு, அமைதி காக்க நம் படையை இலங்கைக்கு அனுப்பினார்கள். பேச்சியம்மாளின் புருஷனும் போனான். அண்ணன் தவசி வீட்டில் இருந்த அவள் என்னிடம் சொன்னாள்: "சண்டைக்கு இல்லண்ணே, ரெண்டு பக்கமும் அடிச்சுக்கிறாம பாத்துக்கத்தான் போறாக."

மூன்றாம் மாதம், ஒரு புதன்கிழமை, அவள் பேருக்குத் தந்தி வந்தது. பலத்த காயம், மெட்ராஸ் மிலிட்டரி ஆஸ்பத்திரி, உடனே வரவும். தவசியை டீக்கடைக்குக் கூப்பிட்டுக் கொடுத்தேன். ரசீதில் கையெழுத்துப் போட்டான்.

"காயந்தானண்ணே? வெள்ளிக்கிழம எம் மக காதுகுத்து. சனம் அம்புட்டும் வந்து எறங்கிருச்சு. முடிஞ்சதும் நானே கூட்டிட்டுப் போறேன். அவகிட்ட மூச்சு விட்றாதீக."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மறுநாள் அந்தத் தெருவுக்குத் தபால் கொண்டுபோனபோது அவள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, எனக்கு ஏதும் கடுதாசி இருக்கா?"

"இல்ல தாயி."

பாவி, கூசாமல் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, சனிக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தார்கள். முந்தின நாள் மத்தியானமே உயிர் போயிருந்தது. அதுவரை நினைவோடுதான் இருந்தானாம். யார் உள்ளே வந்தாலும், "என் வீட்டுக்காரியா?" என்று கேட்டானாம். நர்ஸ் சொல்லியிருக்கிறாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் பேச்சியம்மாள் தபாலாபீசுக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"என் பேரு போட்டுத்தானண்ணே வந்துச்சு? நான் அழுவேன்னு பயந்தீகளா? அழுதுக்கிட்டே பஸ் ஏறிருப்பேன்ல?"



ஒரே வீட்டு ஆள் கையெழுத்துப் போட்டதால் ரூல்படி என் மேல் குற்றமில்லை. விளக்கம் கேட்டு ஒரு மெமோகூட வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பிறகு எந்தத் தந்தியையும் பேருக்குரியவர் கையில்தான் கொடுத்தேன். "ஈவு இரக்கம் இல்லாதவன்" என்று ஊரில் பேசினார்கள். பேசட்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: யார் எதைத் தாங்குவார்கள் என்று முடிவு செய்வது நம் வேலை இல்லை. நான் முடிவு செய்தேன். அவன் பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமலே செத்தான்.