அலுமாரிக்கு மேலே விட்டுவந்த கடிதங்கள்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் கூர் நகரத்தின் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும் எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டு கதைப்போம். கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டையோடு ஒரு நெட்டை மனிதர் மட்டும், புதிதாக வந்தவர் யாரென்று தேடுவார். ஒரு ஞாயிறு நான் அகப்பட்டேன்.

"தம்பி, வெள்ளைக்காரன்ரை காலத்திலை என்ரை பூட்டன் எங்கடை கோயிலிலை மூப்பர். மலாயாவிலை இருந்த தன்ரை தம்பிக்குக் கடிதம் எழுதுவார். அந்தத் தம்பிக்காரன் ஊருக்குத் திரும்பி வரேக்கை எல்லாத்தையும் கட்டாக் கொண்டுவந்தவர்."

"என்ன எழுதியிருந்தவர்?"

"கோயில் புதினந்தான். பெருநாளுக்கு ஆர் சோடிச்சது, ஆர் கோவிச்சுக்கொண்டு பூசைக்கு வரேல்லை எண்டு. பிரெஞ்சுச் சாமியாருக்கு ழகரம் வராதாம். 'யேசுவே வழி' எண்டு சொல்ல வெளிக்கிட்டு, 'யேசுவே வலி, யேசுவே வலி' எண்டு பிரசங்கம் வைச்சாராம். கோயில் முழுக்கச் சிரிப்பாம்."

நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சண்டையிலை இடம்பெயரேக்கை காணி உறுதிப் பத்திரத்தை எடுத்தன். கடிதக் கட்டை அலுமாரிக்கு மேலை விட்டிட்டன். திரும்பிப் போய்ப் பார்த்தால் வீடே இல்லை. அந்தக் காணியையும் பிறகு வித்தாச்சு."

"கதையள் ஞாபகம் இருக்குத்தானே, அண்ணை."

"அதுதான் தம்பி பயம். சொல்லச் சொல்லக் கூடுது. பூட்டன் எழுதினது எது, நான் சேர்த்தது எது எண்டு இப்ப எனக்கே தெரியேல்லை."

சில மாதங்களில் அவர் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டார். பிரெஞ்சுச் சாமியாரின் கதையைக் கேட்டு என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். உண்மையாக நடந்ததோ என்று கேட்டால் ஓம் என்பேன். அவரை மறித்து, மற்றக் கடிதங்களையும் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கூட்டிச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை.